யார் இந்த வைணு பாப்பு? ஜவ்வாது மலைக்கு லித்தியம் கண்ணாடி வந்த கதை

லித்தியம் என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பேட்டரிதான். கையில் இருக்கும் செல்போன், வாசலில் நிற்கும் மின்சார ஸ்கூட்டர், பவர் பேங்க் என எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் லித்தியம் கலந்த உயர்தொழில்நுட்பப் பொருள் ஒன்று, பேட்டரி யுகம் வருவதற்கு முன்பே ஒரு மலைக்காட்டுக்கு வந்துவிட்டது. திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயம் அருகே, ஜவ்வாது மலையின் காவலூரில் இருக்கும் பெரிய தொலைநோக்கியின் ஆடிதான் அது. ஆடி என்றால் ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடி. 2.34 மீட்டர் விட்டம், மூன்று டன்னைத் தாண்டும் எடை.

அந்தத் தொலைநோக்கிக்கும் அந்த வான் ஆய்வகத்துக்கும் ஒரே பெயர்: வைணு பாப்பு. ஆனால் அந்தத் தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. யார் இவர்? பெரிய தொலைநோக்கியை வெளிநாட்டில் முழுசாக வாங்காமல், இங்கேயே செய்ய வேண்டும் என்று ஏன் இறங்கினார்? அந்தக் கேள்வி இன்றைய பேட்டரித் தொழிலுக்கும் எப்படிப் பொருந்துகிறது? பார்க்கலாம்.

சென்னையில் பிறந்த ஹைதராபாத் பையன்

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தவர். பூர்வீகம் கேரளத்தின் தலச்சேரி. அப்பாவுக்கு ஹைதராபாத்தில் இருந்த நிஜாமியா வான் ஆய்வகத்தில் வேலை. அதனால் மற்ற பிள்ளைகள் பட்டமும் பம்பரமும் விட்ட வயதில், பாப்புவுக்குத் தொலைநோக்கி வீட்டுப் பொருள் மாதிரி பழகிப்போனது.

ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் 1949-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். போன சில மாதங்களிலேயே, ஒரு இரவு எடுத்த புகைப்படத் தகட்டில் புதிதாக ஒன்று தெரிவதைக் கவனித்தார். அது ஒரு வால்நட்சத்திரம். அவருடைய பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் கார்டன் நியூகிர்க் ஆகியோரின் பெயரையும் சேர்த்து, பாப்பு–போக்–நியூகிர்க் என்று அதற்குப் பெயர் வந்தது. அப்போது அவருக்கு வயது 21.

1952-ல் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு கலிபோர்னியாவில், அந்தக் காலத்தில் உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி இருந்த பாலோமர் ஆய்வகத்தில் வேலை செய்யும் வாய்ப்பு கிடைத்தது. அங்கே ஓலின் வில்சன் என்ற வானியலாளரோடு சேர்ந்து அவர் செய்த வேலைதான் இன்றுவரை பாடப்புத்தகத்தில் நிற்கிறது.

நட்சத்திரம் எவ்வளவு தூரம்? ஒரு கோடு சொல்லும் பதில்

வானத்தில் ஒரு நட்சத்திரம் மங்கலாகத் தெரிகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். உண்மையிலேயே மங்கலானது, அல்லது பிரகாசமானது, ஆனால் ரொம்ப தூரத்தில் இருக்கிறது. தெருமுனையில் எரியும் சின்ன பல்பும், பக்கத்து ஊர் கோயில் கோபுரத்தில் எரியும் பெரிய விளக்கும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிவது போலத்தான் இது.

நட்சத்திரத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், அதில் கால்சியம் உண்டாக்கும் ஒரு கோடு தெரியும். சூரியனைப் போன்ற, அல்லது அதைவிட வெப்பம் குறைந்த நட்சத்திரங்களில், அந்தக் கோட்டின் நடுவே ஒரு சின்ன ஒளிக்கீற்று இருக்கும். அது எவ்வளவு அகலமோ, நட்சத்திரம் உண்மையில் அவ்வளவு பிரகாசமானது என்று வில்சனும் பாப்புவும் கண்டுபிடித்தார்கள். உண்மையான பிரகாசம் தெரிந்துவிட்டால், நமக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். 1957-ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்கு வில்சன்–பாப்பு விளைவு என்று பெயர்.

இப்படி ஒரு ஆளுக்கு அமெரிக்காவில் வேலைக்குப் பஞ்சமா? ஆனால் 1953-லேயே பாப்பு ஊர் திரும்பிவிட்டார். திரும்பி வந்த நாட்டில், அவர் பழகிய அளவுக்குப் பெரிய தொலைநோக்கி ஒன்றுகூட இல்லை.

கொடைக்கானல் இருக்க, காவலூர் எதற்கு?

முதலில் உத்தரப் பிரதேச அரசின் வான் ஆய்வகத்தில் சேர்ந்தார். வாரணாசியில் தொடங்கிய அந்த ஆய்வகம், நல்ல வானம் தேடி நைனிடால் மலைக்கு மாறியது. அதை வளர்த்துவிட்டு, 1960-ல் கொடைக்கானல் வான் ஆய்வகத்தின் இயக்குநராகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்.

கொடைக்கானல் சாதாரண இடமில்லை. சூரிய ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்றது. சூரியப் புள்ளிகளில் வாயு எப்படி நகர்கிறது என்பதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது அங்கேதான். ஆனால் இரவு வானத்துக்கு அது தோதாக இல்லை. கொடைக்கானல் போனவர்களுக்கு அந்த மூடுபனியும் மேகமும் தெரியும். சூரியனைப் பார்க்கப் பகலில் சில மணி நேரம் வெயில் போதும். மங்கலான நட்சத்திரத்தைப் பார்க்க முழு இரவும் வானம் திறந்திருக்க வேண்டும்.

அதனால் 1960-களில் தென்னிந்தியாவில் வேறு இடம் தேடினார்கள். கடைசியில் தேர்வானது அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஜவ்வாது மலை. சந்தன மரங்களும் சாமை விளையும் கொல்லைகளும் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்களும் நிறைந்த மலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். பெருநகர வெளிச்சம் எட்டாத இருட்டு.

இன்னொரு பெரிய காரணமும் உண்டு. காவலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 பாகை சொச்சத்தில்தான் இருக்கிறது. அதனால் வட வானத்தையும் பார்க்கலாம், தென் வானத்தின் பெரும்பகுதியையும் பார்க்கலாம். ஐரோப்பாவிலிருந்தோ வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலிருந்தோ இது முடியாது. மழைக்கால மாதங்களில் மேகம் தொல்லை கொடுக்கும்தான். ஆனால் தை பிறந்து சித்திரை வரைக்கும் கிடைக்கும் தெளிந்த இரவுகள் அதை ஈடுகட்டின.

1968-ல் அங்கே முதல் தொலைநோக்கி வேலையைத் தொடங்கியது. ஆடியின் விட்டம் வெறும் 38 சென்டிமீட்டர். பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவு. ஆனால் அது கொடைக்கானல் ஆய்வகத்தின் சொந்தப் பட்டறையில் உருவானது. பாப்புவின் பாதை அதிலேயே தெரிந்துவிட்டது.

வாங்குவதா, செய்வதா?

1972-ல் காவலூருக்கு ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்திடம் வாங்கியது. அது வந்த பலன் சீக்கிரமே தெரிந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது, காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யா குழு அதைப் பதிவு செய்தது. அதே நிகழ்வைப் பறக்கும் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவினர், நட்சத்திரம் சில முறை மினுக்கி மறைவதைக் கண்டு, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். காவலூர் பதிவும் அதற்குச் சாட்சியாக நின்றது.

அப்படின்னா அடுத்த பெரிய தொலைநோக்கியையும் வாங்கிவிடலாம்தானே? பாப்பு அப்படி யோசிக்கவில்லை. 1971-ல் கொடைக்கானல் ஆய்வகம் தன்னாட்சி பெற்ற இந்திய வான் இயற்பியல் நிறுவனமாக மாறி, அவர் அதன் தலைவரானார். ஒரு மீட்டரைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான விட்டத்தில் ஒரு தொலைநோக்கி, அதுவும் இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்தது என்பது அவருடைய இலக்கு.

வாங்கிய கருவி பழுதானால் செய்தவனைத்தான் கூப்பிட வேண்டும். பத்து வருடம் கழித்து மேம்படுத்த வேண்டுமென்றாலும் அவனிடம்தான் போக வேண்டும். செய்து பழகியவர்கள் உள்ளூரில் இருந்தால், அடுத்த கருவியை அவர்களே செய்வார்கள். அந்நியச் செலாவணிக்குத் தவம் கிடந்த அந்தக் காலத்தில் இது இன்னும் அழுத்தமான கணக்கு.

ஆனால் ஒரு பொருள் மட்டும் இங்கே கிடைக்கவில்லை. அதுதான் ஆடிக்கான கண்ணாடிக் கட்டி.

அது என்ன லித்தியம் கண்ணாடி?

கண்ணாடி சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். ஜன்னல் கண்ணாடியில் இது கண்ணுக்குத் தெரியாது. தொலைநோக்கியில் இதுதான் தலைவலி. சாதாரணக் கண்ணாடியில் 2.34 மீட்டர் ஆடி செய்தால், வெப்பம் 10 டிகிரி மாறும்போது அதன் விட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர் மாறும். இரண்டு மூன்று தலைமுடி கனம்தான். ஆனால் நட்சத்திர ஒளியைக் குவிக்கும் ஆடியின் வளைவு, ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பகுதி அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். அலைநீளமே தலைமுடி கனத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. பகல் சூடு இறங்கி மலைக்காற்று குளிரும்போது, ஆடியின் மேற்புறம் முதலில் குளிரும், உள்ளே சூடு தங்கும். வளைவு கோணும். நட்சத்திரம் கலங்கித் தெரியும்.

இதற்கான விடை ஒரு விபத்திலிருந்து வந்தது. 1953-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற வேதியியலாளர் லித்தியம் கலந்த ஒரு கண்ணாடித் துண்டை உலையில் வைத்தார். 600 டிகிரியில் நிற்க வேண்டிய உலை, கோளாறால் 900 டிகிரிக்குப் போய்விட்டது. கண்ணாடி உருகி ஓடியிருக்கும் என்று பார்த்தால், உருகாமல் வெள்ளையாக மாறியிருந்தது. எடுக்கும்போது கைதவறித் தரையில் விழுந்தது. உடையவும் இல்லை. கண்ணாடிக்குள்ளே நுண்ணிய படிகங்கள் வளர்ந்து, அது புதுப் பொருளாகியிருந்தது. கண்ணாடிப் பீங்கான் என்ற பொருள் வகை இப்படிப் பிறந்தது.

ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் 1960-களின் கடைசியில் இந்த வித்தையைத் தொலைநோக்கிக்குக் கொண்டுவந்து, செரோடர் என்ற பொருளைச் செய்தது. லித்தியம், அலுமினியம், சிலிக்கான் ஆகியவற்றின் ஆக்சைடுகள்தான் இதன் அடிப்படை. உருக்கி வார்த்து, மெதுவாக ஆறவைத்து, மறுபடி கணக்காகச் சூடாக்கினால் உள்ளே கோடானுகோடி நுண்படிகங்கள் வளரும். வெப்பம் ஏறினால் அந்தப் படிகங்கள் சுருங்கும். சுற்றியிருக்கும் கண்ணாடி விரியும். ஒன்றை ஒன்று சமன் செய்துவிடுவதால் மொத்தக் கட்டியும் அசையாமல் நிற்கும். சாதாரணக் கண்ணாடி விரிவதில் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்குதான் இது விரியும்.

இந்தப் பொருள் குடும்பம் உங்களுக்குப் புதுசு இல்லை. பல மின்சார அடுப்புகளின் மேலே இருக்கும் கறுப்புக் கண்ணாடித் தட்டு இந்தக் குடும்பம்தான். சூட்டில் வெடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதேதான். சில விலை உயர்ந்த செல்போன்களின் முகப்புக் கண்ணாடியும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது.

கட்டி அங்கிருந்து, கை இங்கிருந்து

செரோடர் கட்டி ஜெர்மனியிலிருந்து வாங்கப்பட்டது. அதைச் செய்யும் உலை அன்று இந்தியாவில் இல்லை. இதில் பாப்பு வீம்பு பிடிக்கவில்லை. ஆனால் கட்டி என்பது வெறும் கல் மாதிரிதான். சிற்பி உளி வைத்த பிறகுதான் அது சிலை. அந்தச் சிற்ப வேலையை இங்கேயே செய்ய வைத்தார்.

இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூருவுக்கு மாறியது. அங்கே ஆடி தேய்ப்பதற்கென்றே ஒரு பட்டறை அமைந்தது. ஏ.பி. ஜெயராஜன் தலைமையில் ஒரு சிறு குழு அந்த ராட்சதக் கட்டியைத் தேய்த்து, சோதித்து, மறுபடி தேய்த்தது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தேய்ப்பார்கள். பிறகு கட்டி ஆறும்வரை காத்திருந்து அளப்பார்கள். அதிகமாகத் தேய்த்துவிட்டால் எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் இது வருடக்கணக்கில் போகும் வேலை. கடைசியில் வெற்றிடப் பெட்டிக்குள் வைத்து அலுமினியத்தை ஆவியாக்கி, தலைமுடியில் பல நூறில் ஒரு பங்கு கனத்துக்கு மேற்பூச்சு பூச வேண்டும். அப்போதுதான் கண்ணாடி ஆடியாகும்.

ஆடியைத் தாங்கும் உடலின் வடிவமைப்பை டாடா கன்சல்டிங் எஞ்சினியர்ஸ் செய்தது. மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் இண்டஸ்ட்ரீஸ் அதைக் கட்டியது. சர்க்கரை ஆலை இயந்திரங்களுக்குப் பெயர் பெற்ற தொழிற்சாலை அது. அங்கே உருவான பல டன் எஃகு, பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். நடுக்கம் கொஞ்சமும் கூடாது. இந்தியத் தொழிற்சாலைகளுக்கு இது புதுப் பாடமாக அமைந்தது.

பார்க்காமலே போனவர்

இதற்கிடையே உலகம் பாப்புவைக் கவனித்துக்கொண்டிருந்தது. 1970-ல் பட்நாகர் விருது, 1981-ல் பத்ம பூஷண். 1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலக வானியலாளர்களின் உச்ச அமைப்பு அது.

1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பட்ராஸ் நகரில் அந்த ஒன்றியத்தின் பொதுச்சபை கூடியது. தலைவராக அவர் அங்கே இருந்திருக்க வேண்டும். ஆனால் ஜெர்மனியின் மியூனிக்கில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், அதன் பிறகு தேறவில்லை. ஆகஸ்ட் 19 அன்று உயிர் பிரிந்தது. 55 வயது நிறைந்து ஒன்பதே நாள். அப்போது காவலூர் தொலைநோக்கி முடியவில்லை.

பெரிய மனிதர் ஒருவர் போனதும் அவர் தொடங்கிய வேலை பாதியில் நிற்பது நாம் நிறையப் பார்த்த கதைதான். இங்கே அப்படி நடக்கவில்லை. ஏன்னா வேலை தெரிந்த கைகள் இருந்தன. பட்டாச்சார்யா நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். குழு வேலையைத் தொடர்ந்தது. ஆடி பெங்களூருவிலிருந்து ஜவ்வாது மலை ஏறியது. 1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அப்போது இந்தியாவின் மிகப் பெரிய தொலைநோக்கி அதுதான்.

இரண்டே வருடத்தில், 1988-ல், காவலூரின் இன்னொரு சிறிய தொலைநோக்கியில் ஒரு புதுச் சிறுகோள் சிக்கியது. அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். பாப்புவின் பெயரிலும் ஒரு சிறுகோள் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் எண் 2596.

அதே வித்தை, இப்போது பேட்டரிக்குள்

சரி, இதற்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?

இன்றைய லித்தியம் அயனி பேட்டரிக்குள் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒரு திரவம் இருக்கிறது. லித்தியம் அயனிகள் அதில் நீந்தித்தான் அங்கும் இங்கும் போகின்றன. சிக்கல் என்னவென்றால், அது தீப்பிடிக்கக்கூடிய திரவம். ஸ்கூட்டர் எரிந்தது, போன் வெடித்தது என்று வரும் செய்திகளின் பின்னால் பெரும்பாலும் இந்தத் திரவத்துக்கும் பங்கு உண்டு.

அதனால் திரவத்துக்குப் பதிலாகத் திடப்பொருளை வைக்கும் திடநிலை பேட்டரிக்கு உலகம் முழுக்க ஓட்டப்பந்தயம் நடக்கிறது. அதற்கான பொருள்களில் ஒன்று என்ன தெரியுமா? லித்தியம் கலந்த கண்ணாடிப் பீங்கான். லித்தியம், அலுமினியம், டைட்டானியம், பாஸ்பேட் சேர்ந்த கண்ணாடியை வார்த்து, கணக்காகச் சூடாக்கிப் படிகம் வளர்ப்பார்கள். தொலைநோக்கி ஆடியில் படிகத்தின் வேலை வெப்பத்துக்கு அசையாமல் இருப்பது. இங்கே படிகத்தின் வேலை, தன் இடுக்குகள் வழியே லித்தியம் அயனியை ஓட விடுவது. சேர்மானம் வேறு, செய்முறை ஒரே பள்ளி.

இது வெறும் ஒப்புமை இல்லை. ஜப்பானின் ஓஹாரா நிறுவனம் தொலைநோக்கிகளுக்கான விரியாத கண்ணாடிப் பீங்கானையும் செய்கிறது, பேட்டரிக்கான அயனி கடத்தும் கண்ணாடிப் பீங்கானையும் செய்கிறது. அந்த நிறுவனத்தின் கட்டிகள் இப்போது இந்தியாவுக்கும் தொடர்புள்ளவை. இந்தியாவும் பங்கேற்கும் முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் 492 துண்டுகள் சேர்ந்து ஒரே ஆடியாக வேண்டும். அதில் ஒரு பகுதியை மெருகேற்றும் பொறுப்பு இந்தியாவுக்கு. பெங்களூரு அருகே ஹோஸ்கோட்டேயில் அதற்கான கூடத்தை அமைத்திருப்பது, பாப்பு கட்டி எழுப்பிய அதே நிறுவனம்தான். தொலைநோக்கித் திட்டம் தாமதமாகிக்கொண்டே போனாலும், தேய்க்கத் தெரிந்த கைகள் அடுத்த தலைமுறைக்கும் வந்துவிட்டன.

பேட்டரியில் நாம் எங்கே நிற்கிறோம்?

ஜவ்வாது மலைக்குப் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் போச்சம்பள்ளியில் லித்தியம் பேட்டரி செல் செய்யும் ஆலை வந்திருக்கிறது. காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாகப் பேட்டரி ஆராய்ச்சி செய்கிறது. ஆனால் நாட்டுக்குத் தேவையான செல்களும் அதற்கான மூலப்பொருள்களும் பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வருகின்றன. செல்லை வாங்கி வந்து பெட்டிக்குள் அடுக்கி, மேலே நம் பெயரை ஒட்டுவது ஒரு வழி. செல்லுக்குள் இருக்கும் பொருளையே செய்யக் கற்றுக்கொள்வது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் செலவும் அதிகம், காலமும் அதிகம்.

பாப்பு எல்லாவற்றையும் நாமே செய்வோம் என்று அடம்பிடிக்கவில்லை. கட்டியை வாங்கினார், ஒரு மீட்டர் தொலைநோக்கியையும் வாங்கினார். எதை வாங்கலாம், எதைக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே பிரித்து வைத்தார். அந்தக் கணக்கு சரியாக இருந்ததால்தான், அவர் போய் மூன்றரை வருடம் கழித்தும் தொலைநோக்கி மலை உச்சியில் கண் திறந்தது. பேட்டரியில் அந்தக் கணக்கைப் போட வேண்டிய நேரம் இது.